மாமனாரும் ஒரு எக்ஸ்டென்ஷனும்

இருபத்திரண்டு வருடமாக நான் செய்வது ஒரே வேலைதான். ஏற்கெனவே இருக்கிற ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்குவது. சம்பளச் சீட்டில் போரிங் மெஷின் ஆபரேட்டர் என்று போட்டிருக்கும். தொழிற்சாலையில் எல்லோரும் என்னை 'ஓட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். "ஓட்டை வந்தாச்சா?", "ஓட்டை சாப்பிடப் போயிருக்கு" என்று அஃறிணையில் பேசுவதைக் கேட்டு முதல் சில வருடம் முகம் சுண்டியது. பிறகு பழகிவிட்டது. வீட்டில் கிடைக்கிற மரியாதைக்கு இது ஒன்றும் குறைச்சல் இல்லை.

எங்கள் டூல் ரூமைப் பார்த்துக்கொள்வது என் மனைவியின் தங்கை. வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் சிபாரிசு செய்துதான் அந்த வேலை கிடைத்தது என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் அவள் பரீட்சை எழுதித் தேறி வந்தாள். நான் கேட் எந்தப் பக்கம் என்று காட்டினேன்.

அவள் வருவதற்கு முன்னால் டூல் ரூம் என்பது கதவில்லாத ஓர் அறை. வேண்டியதை எடுப்போம், வேலை முடிந்ததும் தோன்றிய இடத்தில் போடுவோம். கரண்டி டப்பாவைக் கவிழ்த்த மாதிரி, மெஷினில் மாட்டுகிற ஷேங்க்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அவள் வந்த முதல் வாரம் கதவு போட்டாள். இரண்டாவது வாரம் அந்தக் கதவில் ஒரு ஜன்னல் வெட்டினாள். அதன் பிறகு எங்களில் யாரும் உள்ளே போனதில்லை. மரக்கட்டையில் குழி எடுத்து ஒவ்வொரு ஷேங்க்கையும் நிமிர்த்தி நிற்க வைத்தாள். தலைக்கு பிளாஸ்டிக் தொப்பி. கழுத்தில் ஓர் அட்டை. எந்த வேலைக்குப் போனது, எவ்வளவு நேரம் ஓடியது, கீழே விழுந்ததா, விழுந்தால் யார் கையிலிருந்து. அந்தக் கடைசிக் கட்டத்தில் நான் ஒன்பது இடத்தில் இருக்கிறேன். ஒன்பதிலும் 'போரிங் ஆபரேட்டர்' என்றுதான் எழுதியிருக்கிறாள். உறவைக் காட்டிக்கொடுக்காத பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

அவளுக்கு ஒரு கொள்கை. ஜன்னலில் நின்றால் நான் ஆபரேட்டர். சாயங்காலம் கேட்டைத் தாண்டினால்தான் மாமா.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷேங்க் என்பது மெஷினின் கழுத்துக்குள் போய் உட்காருகிற கூம்பும் அதன் உடம்பும். ரயில் என்ஜின் மாதிரி. அதற்கு முன்னால் பெட்டிகளைப் பூட்டலாம். தூரம் எட்டவில்லையா, எக்ஸ்டென்ஷன் என்கிற நீளத்துண்டு. ஓட்டை சிறியதா, குறுகிப் போகிற ஒரு துண்டு. கடைசியில் வெட்டுகிற ஹெட். நாலு துண்டை வைத்துக்கொண்டு நாற்பது விதமாகப் பூட்டலாம். அதுதான் இதன் அழகு. அதுதான் இதன் ஆபத்தும். பூட்ட முடிகிறது என்பதற்காகப் பூட்டிக்கொண்டே போகிற என்னைப் போன்ற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள்.

வேலை வந்ததும் நாங்கள் எந்த டூல் வேண்டும் என்று யோசிப்போம். அவள் வரைபடத்தை வாங்கி, ஓட்டை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு எவ்வளவு அகலம். அதற்குப் பிறகுதான் கை அலமாரிப் பக்கம் போகும்.

"மெலிசா நீளமா ஒண்ணு குடும்மா. எல்லாத்துக்கும் எட்டும்" என்று முதல் மாதத்தில் ஒரு தடவை கேட்டேன்.

"எட்டும். எட்டிட்டு ஆடும்."

"சின்ன வேலைதான்."

"அது ஷேங்க்குக்குத் தெரியுமா? ஓட்டைக்குள்ள நுழையறதுலயே எது தடியோ அது. தூரத்துக்கு எட்டறதுலயே எது குட்டையோ அது. உங்களுக்குத் தர்றது அவ்வளவுதான். அடுத்த ஆள் வரட்டும்."

அன்றைக்கு அவள் கொடுத்தது இருப்பதிலேயே தடியான, குட்டையான ஷேங்க். இடுப்பே கிடையாது. எந்த வேலைக்குப் போட்டாலும் ஒரு நூல் வளையாது. அதற்கு நான் 'மாமனார்' என்று பேர் வைத்தேன். தொழிற்சாலை முழுக்க அந்தப் பேர் பிடித்துக்கொண்டது.

"எங்கப்பாவைத்தானே சொல்றீங்க?" என்று கேட்டுக்கு வெளியே வைத்துக் கேட்டாள்.

"சேச்சே. உங்கப்பா ஒரு தடவை வளைஞ்சிருக்கார். உங்க அக்காவை எனக்குக் கொடுத்தாரே."

"அது வளைஞ்சதில்ல மாமா. விரிசல்."

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பெரிய கியர் பாக்ஸ் கூடு வந்தது. வார்ப்பிரும்பு. எதிரும் புதிருமாக இரண்டு சுவர், இரண்டிலும் பேரிங் உட்காருகிற ஓட்டை. இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அவள் மாமனாரின் முன்னால் ஐம்பது மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறுகுகிற ஒரு துண்டும் ஹெட்டும் மட்டும் பூட்டி, நீட்டம் இருநூறு மில்லி என்று அட்டையில் எழுதிக் கொடுத்தாள். அதன் கீழே ஒரு வரி: 'ஒரு பக்கம் முடித்து, டேபிளைத் திருப்பி, டயல் வைத்துச் சரிபார்த்து, மறுபக்கம்.'

அந்தக் கூடு கெட்டுப்போனது. இரண்டாவது ஓட்டையின் உள்சுவர் முழுக்க, காற்றடித்த மணல் மாதிரி அலை அலையாக நெளிவு. ஸ்கிராப் குவியலுக்குப் போனது. மேனேஜர் அட்டையைப் பார்த்தார், பூட்டியிருந்த டூலைப் பார்த்தார், இரண்டும் ஒன்றாக இருந்தது. அப்படியானால் தப்பு பூட்டிக் கொடுத்தவள் பேரில் என்று முடிவு செய்துவிட்டார்.

"பாருங்கம்மா, அடுத்த கூடு வரப்போகுது. அதுவும் இப்படிப் போச்சுன்னா டூல் ரூமுக்குக் கதவு வேண்டாம். பழையபடி அவங்கவங்களே எடுத்துக்கட்டும். உங்களுக்கு பேக்கிங்ல இடம் இருக்கு" என்றார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பக்கத்தில் நின்றிருந்த நானும் தலையை ஆட்டினேன். நான் எதற்கு ஆட்டினேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

டேபிளைத் திருப்பி, மயிரிழைக் கோணலையும் முள்ளில் காட்டுகிற டயலை வைத்துச் சரிபார்க்க நாற்பது நிமிடம் ஆகும். குனிந்து, நிமிர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்க்க வேண்டும். எனக்குச் சோம்பல். ஒரே பக்கத்திலிருந்து உள்ளே விட்டு இரண்டு சுவரையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம், நூறு மில்லிதான் எட்டவில்லை. என் லாக்கரில் பழைய துணியில் சுற்றி, சரியாக நூறு மில்லியில் ஓர் எக்ஸ்டென்ஷன் இருந்தது. அவள் கதவு போட்ட வாரத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று நான் கிளப்பிக்கொண்டு போனது. அதை நடுவில் செருகி, திருகாணியை இறுக்கி, கையில் திருப்பியது போதாதென்று திருகாணி முடுக்குகிற சாவியில் ஒரு பைப்பையும் மாட்டி இன்னொரு இழுப்பு இழுத்தேன். முதல் சுவர் நன்றாகத்தான் போனது. இரண்டாவது சுவரில் டூல் அதிர்ந்து பாட ஆரம்பித்தது. தொழிலில் அதற்குப் பேரே பாட்டுதான், ஆனால் அந்தப் பாட்டை யாரும் இரண்டாவது தடவை கேட்க விரும்ப மாட்டார்கள். நிறுத்துவதற்குள் சுவர் போய்விட்டது.

அதன் பிறகு நான் செய்ததுதான் அசல் வேலை. எக்ஸ்டென்ஷனைக் கழற்றி, துணியில் சுற்றி, லாக்கரில் வைத்துப் பூட்டினேன். அவள் கொடுத்தபடியே மறுபடி பூட்டி வைத்தேன். அவள் எப்படித் துடைப்பாளோ அப்படியே துடைத்தேன். பிறகுதான் எல்லோரையும் கூப்பிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் அவ்வளவு சுத்தமாக எதையும் செய்ததில்லை.

அடுத்த கூடு வருகிற நாளுக்கு முன்தினம், சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி பேச்செடுத்தாள்.

"அவ முகமே சரியில்லைங்க. ஒரு வாரமா சரியா சாப்பிடறதில்லையாம். நீங்க மேனேஜர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்களேன்."

"நான் பேசி என்ன ஆகப்போகுது?"

"உங்களுக்கு எவ்வளவு வருஷ சர்வீசு. நீங்க சொன்னா கேப்பாரு. அவ எப்பவும் சொல்லுவா, மாமா இருக்கறதாலதான் தைரியமா இருக்கேன்னு."

தண்ணீர் புரை ஏறியது. மனைவி என் தலையில் தட்டினாள். இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை கூடு வந்து டேபிளில் ஏறியது. மத்தியானத்துக்கு மேல் போரிங். சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். நான் ஜன்னல் பக்கம் போனேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து போன மாத அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பா திறக்காமல் இருந்தது.

"சாப்பிடலையா?"

"பசிக்கல."

"உங்க அக்கா கட்டிக் கொடுத்ததா? அப்ப நியாயம்தான்."

அவள் சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். அடித்தும் திருத்தியும் ஓரமெல்லாம் கணக்குப் போட்டிருந்தாள்.

"தடிமன் ஐம்பது. நீட்டம் இருநூறு. நாலு மடங்கு. இரும்பு தாங்கணும். அதுக்கு மேல போனாத்தான் பாடும். ஸ்பீடு சரி. துண்டுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டற முகத்தை நானேதான் துடைச்சேன். திருகாணி நானேதான் இறுக்கினேன், இறுக்கம் போதும்னு டார்க் ரெஞ்ச் க்ளிக்னு சொல்ற வரைக்கும். சுத்தவிட்டு ஓட்டம் பாத்தேன், டயல் முள்ளு அசையல. எங்க தப்பு பண்ணேன்னே தெரியல மாமா."

ஜன்னலில் வைத்து அவள் என்னை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"பேக்கிங்குக்கு அனுப்பினாக்கூடப் போயிடுவேன்" என்றாள். "ஆனா தப்பு எங்கன்னு தெரியாமப் போனா, நாளைக்கு எதைக் கையில எடுத்தாலும் இது சரியா தப்பான்னு தோணிக்கிட்டே இருக்கும். அதுக்கப்புறம் இந்த வேலை எப்படிச் செய்யறது?"

எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு ஜோக் இருக்கும். அன்றைக்கு அதை விழுங்கினேன். "இரு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு லாக்கருக்குப் போனேன். பூட்டு இரண்டு தடவை சிக்கியது. திரும்பி வந்து துணியோடு அதை ஜன்னல் பலகையில் வைத்தேன்.

"என்னது?"

"போன மாசம் டூலுக்கு நடுவுல இது இருந்துச்சு. நான்தான் செருகினேன். அப்புறம் நான்தான் எடுத்தேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாளோ என்று பயந்தேன். அவள் துணியைப் பிரித்தாள். எக்ஸ்டென்ஷனை இரண்டு கையாலும் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். நகத்தால் அதன் விளிம்பைச் சுற்றிக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் நகம் நின்றது.

"தட்டுப்பட்டிருக்கு."

நீலச் சாயத்தை விரலில் தொட்டு எக்ஸ்டென்ஷனின் முகத்தில் மெல்லிசாகத் தடவினாள். இன்னொரு துண்டோடு சேர்த்து வைத்து, பிரித்துப் பார்த்தாள். முகம் முழுக்க ஒட்ட வேண்டிய நீலம் ஒரே ஒரு புள்ளியில், கடுகளவு, ஒட்டியிருந்தது. திருகாணி போகிற துளையில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"துளை உப்பியிருக்கு. பைப் போட்டு இழுத்தீங்களா?"

"ஒரு இழுப்பு."

"நூறு மில்லி. மொத்தம் முந்நூறு. ஆறு மடங்கு. அதுலயும் முகம் ஒட்டல, ஒரு புள்ளியில நிக்குது." அவள் பென்சிலை எடுத்துப் பழைய கணக்கின் கீழே கூட்டினாள். அவள் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்தேன். ஒரு மாதமாக அது காதுவரை ஏறி இருந்திருக்கிறது. எனக்கு இப்போதுதான் தெரிகிறது. "பாடாம என்ன செய்யும்? கழண்டு தெறிக்காம இருந்ததே பெரிசு. எதிர்ல நின்னுக்கிட்டிருந்தீங்களா?"

"கொஞ்சம் எதிர்லதான்."

"நாலு கிலோ இரும்பு. உங்க மேல வந்து விழுந்திருந்தா அக்காகிட்ட நான் என்ன சொல்றது?"

என்னை வேலையை விட்டுத் தூக்க வைக்கலாம், ஊரைக் கூட்டிச் சொல்லலாம் என்கிற இடத்தில் நின்றுகொண்டு அவள் அதைத்தான் கேட்டாள். நான் அந்தத் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதில் பட்டிருந்த நீலச் சாயம் மூக்கில் ஒட்டிவிட்டது என்று பிறகு மேனேஜர் சொல்லித்தான் தெரிந்தது.

"அப்ப நான் கொடுத்தது சரிதான்" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டப்பாவைத் திறந்து நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாயை நிறுத்தி, "மேனேஜர்கிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?" என்றாள்.

"நானே சொல்றேன்."

"மூக்கைத் துடைச்சுட்டு" என்று அவள் சொன்னாளோ என்னவோ, என் காதில் விழவில்லை.

மேனேஜர் முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"பாருங்க, உங்களுக்கு எத்தனை வருஷ சர்வீசு?"

"இருபத்திரண்டு சார்."

"இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒளிச்சு வைக்கத்தான் கத்துக்கிட்டீங்களா?"

"இல்ல சார். அது மூணாவது வருஷமே தெரியும்." வாயை மூடிக்கொள்வதற்கு முன்னால் அது வெளியே போய்விட்டது.

அவர் என் பின்னால் பார்த்தார். அவள் கதவோரம் கையில் அட்டையோடு நின்றிருந்தாள்.

"அந்தக் கூட்டுக்கு உங்களைக் குத்தம் சொன்னேன். தப்புதான்மா. டூல் ரூம் உங்களோடதுதான். இன்னைக்கு இந்த வேலையை முடிச்சாகணும். யாரை வச்சு முடிக்கலாம், நீங்களே சொல்லுங்க."

"அவரே ஓட்டட்டும் சார்."

"இவரா?"

"டேபிளைத் திருப்பி டயல் பாக்கறதுல அவர் கை ரொம்ப சுத்தம். செய்ய மாட்டார். செஞ்சா நல்லா செய்வார்."

இதைவிடச் சரியாக என்னைப் பற்றி யாரும் சொன்னதில்லை. என் கல்யாணத்துக்கு முன்னால் இவளைக் கேட்டிருந்தால் என் மாமனார் கொஞ்சமும் வளைந்திருக்க மாட்டார்.

"சரி, ஓட்டட்டும்" என்றார் மேனேஜர். "நாளைலேர்ந்து மூணு மாசம் இவருக்கு பேக்கிங். லாக்கர் சாவியை இந்த அம்மாகிட்ட கொடுத்துட்டுப் போங்க."

அன்றைக்கு மத்தியானம் அவள் பூட்டியதை முதல் தடவையாக அருகில் நின்று பார்த்தேன். இரண்டு வருடமாக ஜன்னலில் வாங்கிக்கொண்டே போயிருக்கிறேன், பார்த்ததில்லை. நூல் உதிராத துணியால் கூம்பைத் துடைத்தாள். பிறகு வெறும் உள்ளங்கையால் ஒரு தடவை. துணி விட்டதைக் கை கண்டுபிடிக்கும் போலிருக்கிறது. மெஷின் பிடித்து இழுக்கிற பின்பக்கத்துக் குமிழைத் திருகிப் பார்த்து அசையவில்லை என்று உறுதி செய்தாள். துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து, இடுக்கில் காகிதம்கூட நுழையாது என்று தெரிந்த பிறகுதான் திருகாணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். டார்க் ரெஞ்ச்சைப் பிடித்து மெதுவாக, வலிய இழுக்காமல், பாத்திரத்தில் பால் ஊற்றுகிற மாதிரி ஒரே சீராகத் திருப்பினாள். க்ளிக். அந்தச் சத்தத்தோடு கையை எடுத்துவிட்டாள். அந்த இடத்தில்தான் நான் பைப்பைத் தேடியிருப்பேன்.

"தூக்குங்க. ரெண்டு பேரும் சேர்ந்து. தனியாத் தூக்கித்தான் ஒன்பது தடவை விழுந்துச்சு."

கழுத்துக்குள் மாமனார் போய் உட்கார்ந்தார். "முதல்ல சும்மா சுத்தட்டும். தள்ளி நில்லுங்க" என்றாள். தள்ளி நின்றேன். அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். டயல் வைத்தாள். முள் தூங்கிக்கொண்டிருந்தது.

முதல் சுவர் வெட்டும்போது ஒரு சத்தமும் இல்லை என்று சொன்னால் பொய். பெரிய காகிதத்தை மெதுவாகக் கிழிக்கிற மாதிரி, ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே மாதிரிக் கேட்டது. சீவல் கருப்பு மிளகுத்தூள் மாதிரி கொட்டியது. டேபிளைத் திருப்பினேன். குனிந்து, நிமிர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு டயல் பார்த்தேன். நாற்பது நிமிடம் என்று நினைத்தேன், ஐம்பத்தைந்து ஆனது. அவள் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது சுவரும் அதே காகிதச் சத்தத்தில் முடிந்தது. அளந்தபோது இரண்டு ஓட்டைக்கும் நேர்கோட்டில் இருந்த வித்தியாசம் மயிரிழையில் நாலில் ஒரு பங்கு. மேனேஜர் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, இன்னொரு தடவை தடவினார்.

"மூக்குல என்ன நீலமா?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் மனைவியிடம் நானே சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டை வைக்கும்போது, "இன்னும் ஏதாவது லாக்கர் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். குழம்பு ஊற்றினாள்.

இப்போது பேக்கிங்கில் இருக்கிறேன். மரப்பெட்டி செய்து ஆணி அடிக்கிற வேலை. என் எக்ஸ்டென்ஷன் டூல் ரூம் ஜன்னலுக்கு மேலே ஒரு கம்பியில் தொங்குகிறது. 'உபயோகத்துக்கு இல்லை' என்று அட்டை கட்டியிருக்கிறாள். புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு எங்கள் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள், நான் இருந்தால் நானே சொல்லிவிடுகிறேன். ஆணி எடுக்கும்போதுகூட இப்போதெல்லாம் கை தானாகக் குட்டையானதை, தடியானதைத் தேடுகிறது.

போன வாரம் என் சுத்தியல் பிடி உடைந்தது. புதிது கேட்டு டூல் ரூமுக்குச் சீட்டு அனுப்பினேன். சாப்பாட்டு வேளையில் அவளே எடுத்துக்கொண்டு பேக்கிங்குக்கு வந்தாள். சுத்தியலின் கழுத்திலும் ஓர் அட்டை.

"சுத்தியலுக்குமா?"

"எல்லாத்துக்கும்தான்."

வாங்கும்போது கை வழுக்கி அது என் காலுக்கு அரை அடி தள்ளிக் கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள், பிடியைச் சுற்றிப் பார்த்தாள், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அட்டையில் எழுதி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

விழுந்ததா: ஆம். யார் கையிலிருந்து: மாமா.